அளவும் காலமும்: ‘சமைத்துப் பார்’ நூலும் சமண இல்லத்து அடுக்களையும்

(காஞ்சிபுரத்தில் அட்சய திருதியை விழாவையொட்டி நிகழ்த்தப்பெற்ற உரை)



அறவிழா மேடையில் ஒரு சமையல் நூலைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்னும் ஐயம் சிலருக்கு எழக்கூடும். இத்திருநாளே உணவு அளித்த ஒரு நிகழ்ச்சியின் நினைவு என்பதை எண்ணிப் பார்த்தால் அந்த ஐயம் குறையும். விருஷப தேவருக்குக் கரும்புச்சாறு அளிக்கப்பெற்ற நாள் இது. அந்த வரலாறு உரையின் பிற்பகுதியில் வரும். முதலில் நூலைப் பார்க்கலாம்.

1951-ஆம் ஆண்டில் சென்னையில் ‘சமைத்துப் பார்’ என்னும் தமிழ்நூல் வெளிவந்தது. எழுதியவர் எஸ். மீனாட்சி அம்மாள். இளம் வயதிலேயே கணவரை இழந்து, குடும்பப் பொறுப்பைத் தம் தோளில் சுமந்தவர். அவருடைய கைப்பக்குவம் சுற்றத்தாரிடையே பெயர் பெற்றிருந்தது. மணமாகி வெளியூர் சென்ற உறவுப் பெண்கள் சாம்பாருக்கும் ஊறுகாய்க்கும் பட்சணத்துக்கும் பக்குவம் கேட்டு அவரை நாடினர். அவரும் பொறுமையாக எழுதிக் கொடுத்தார். இந்தக் குறிப்புகளைத் தொகுத்து நூலாக்கலாமே என்று தூண்டியவர் அவருடைய உறவினரும் வழக்கறிஞருமான கே. வி. கிருஷ்ணசாமி ஐயர். பதிப்பகத்தாரை நம்பிக் காத்திராமல் அம்மையாரே நூலை வெளியிட்டார். முதற்பகுதியை அடுத்து மேலும் பகுதிகள் வந்தன. அவர் 1962-இல் மறைந்தார். ஆங்கில வடிவம் 1968-இல் வெளிவந்தது. பிற தென்னிந்திய மொழிகளுக்கும் நூல் சென்றது. புதுமணப் பெண்ணுக்குச் சீர்வரிசையோடு இந்நூலையும் வைத்துக் கொடுக்கும் வழக்கம் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பலவற்றில் ஏற்பட்டது. கடல் கடந்து படிக்கச் சென்ற பிள்ளைகளின் பெட்டியிலும் அது இடம்பெற்றது.

இந்நூலின் சிறப்பு சுவையில் இருப்பதாகப் பலரும் கூறுவர். சுவையான சமையலை அறிந்த பெண்கள் அந்நாளில் ஊருக்கு ஊர் இருந்தனர். அவர்களுள் ஒருவர், அறியாத ஒருத்தியின் நிலையிலிருந்து அடுப்பைப் பார்த்தார் என்பதே இந்நூலின் புதுமை. உப்பு ‘வேண்டிய அளவு’, புளி ‘கொஞ்சம்’, கொதி ‘பதமாக’ என்று சொன்னால், முன்பே தெரிந்தவருக்குத்தான் அது விளங்கும். அருகில் மாமியாரோ தாயோ இல்லாத பெண்ணுக்கு அச்சொற்கள் எட்டாத கொம்பில் தொங்கும் பழம். மீனாட்சி அம்மாள் முதலில் பொருள்களை அளவோடு வரிசைப்படுத்தினார். பின்னர் எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது என்று முறைப்படுத்தினார். கற்பவரின் அறியாமையை அவர் முற்றிலும் ஏற்றுக்கொண்டார். அதைப் பற்றி ஓர் ஏளனக் குரலும் எழுப்பவில்லை. நூலின் பெயரிலும் அந்தப் பண்பு உண்டு. ‘சமைத்துப் பார்’ என்பது கட்டளையாகவும் இருக்கிறது, துணிவு சொல்லும் குரலாகவும் இருக்கிறது.

அளவு என்னும் செய்தி சற்று விரித்துப் பேசத்தக்கது. நூல் பிறந்த காலத்தில் தமிழ்நாட்டு அடுக்களையின் அளவைகள் வேறு. அரிசியும் பருப்பும் ஆழாக்கு, உழக்கு, உரி, படி என்று முகந்து அளக்கப்பட்டன. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு படி. ஆக எட்டு ஆழாக்கு ஒரு படி. புளியும் வெல்லமும் பலக் கணக்கில் நிறுக்கப்பட்டன. ஒரு பலம் மூன்று தோலா, ஏறத்தாழ 35 கிராம். மிளகு, சீரகம், பெருங்காயம் போன்றவற்றை வெள்ளி ரூபாயின் எடையைக் கொண்டு அளந்தனர். அது ஒரு தோலா, 11.66 கிராம். படியும் எல்லா ஊரிலும் ஒன்றாக இல்லை. பட்டணம் படி என்றும் ஊர்ப் படி என்றும் வேறுபாடு இருந்தது. 1956-இல் புதிய அளவைச் சட்டம் இயற்றப்பட்டு, அடுத்த சில ஆண்டுகளில் கிலோவும் லிட்டரும் கடைத்தெருவுக்கு வந்தன. பழைய ஆழாக்கு பரணுக்குப் போயிற்று. பாட்டி சொன்ன ‘ஓர் ஆழாக்கு’ என்பது பேத்திக்குப் பொருளற்ற ஒலியாயிற்று. எழுதிவைத்த பக்குவத்தைப் புதிய அளவுக்கு மாற்றிக்கொள்ளலாம். எழுதாமல் விட்டவை ஆழாக்கோடு சேர்ந்து பரண் ஏறின. வந்தவாசி, ஆரணி, செய்யாறு, திண்டிவனம், செஞ்சி வட்டாரங்களின் சமண இல்லங்களில் இந்த இழப்பு எவ்வளவு நிகழ்ந்தது என்பதை அந்தந்தக் குடும்பத்தார் தத்தம் மனத்துள் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

சமையலை எழுதிவைக்கும் வழக்கம் மீனாட்சி அம்மாளோடு தொடங்கியதன்று. சங்க நூல்களுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படை, வீமன் இயற்றிய ஒரு சமையல் நூலின் வழிநின்று ஆக்கிய உணவை நல்லியக்கோடன் விருந்தினர்க்கு அளித்ததாகக் குறிப்பிடுகிறது. அவன் ஆண்ட ஓய்மாநாடு இன்றைய திண்டிவனப் பகுதி; தமிழ்ச் சமணர் இன்றும் செறிந்து வாழும் நிலம். அந்நூல் கிடைக்கவில்லை, மடைநூல் என்ற சொல் மட்டும் தமிழில் எஞ்சியிருக்கிறது. தஞ்சையில் இரண்டாம் சரபோசி மன்னர் காலத்து அரண்மனைச் சமையல் குறிப்புகள் ‘சரபேந்திர பாக சாஸ்திரம்’ என்ற பெயரில் சரசுவதி மகால் நூலகத்தின் வழியே அச்சேறின.

சமணர்க்கு இவற்றினும் நெருக்கமான ஒன்று அண்டை மொழியாகிய கன்னடத்தில் உண்டு. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூன்றாம் மங்கரசர் என்னும் சமணக் கவிஞர் ‘சூபசாஸ்திரம்’ என்ற நூலைச் செய்யுளில் இயற்றினார். அது முழுவதும் மரக்கறிச் சமையலைக் கூறுவது. ‘சமியக்துவ கௌமுதி’ முதலான அறநூல்களை எழுதிய அதே கைதான் பணியாரத்தையும் குழம்பையும் செய்யுளாக்கியது. நற்காட்சியைப் பாடிய புலவர் நெய்யப்பத்தைப் பாடுவதில் குறையொன்றும் காணவில்லை. இக்காலத்தில் சிலர் சமையல் பேச்சைக் கேட்டவுடன் முகம் சுளிப்பதை மங்கரசர் கண்டால் என்ன நினைப்பாரோ!

காஞ்சியில் நின்று உணவைப் பற்றிப் பேசுவோர் இட்டலியைத் தொடாமல் போக முடியாது. வரதராசப் பெருமாள் கோயிலின் இட்டலி உலகறிந்தது. பச்சரிசியும் உளுந்தும் சற்றுக் கரகரப்பாக அரைக்கப்பட்டு, மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்ந்து, மந்தாரை இலை வேய்ந்த மூங்கில் குடலையில் நெடுநேரம் ஆவியில் வேகும். குடலை இட்டலி என்ற பெயர் அதனால் வந்தது. இந்த உணவின் பெயரை எழுத்தில் முதன்முதலாகக் காட்டும் நூல்களுள் ஒன்று சமண நூல் என்பதைக் காஞ்சியிலேயே பலர் அறியார். சிவகோட்டி ஆசாரியரின் பெயரால் வழங்கும் ‘வட்டாராதனை’ என்ற கன்னட உரைநடை நூல் கி.பி. 10-ஆம் நூற்றாண்டினது. அதில், இல்லம் தேடி வந்த பிரமசாரிக்கு ஒரு பெண்மணி பரிமாறிய பதினெட்டு வகைகளுள் ‘இட்டலிகெ’யும் ஒன்று. 1025-இல் இரண்டாம் சாவுண்டராயர் எழுதிய ‘லோகோபகாரம்’ அதன் பக்குவத்தையே தருகிறது. உளுந்தை மோரில் ஊறவைத்து அரைத்து, தயிரின் தெளிநீர், சீரகம், கொத்தமல்லி, மிளகு, பெருங்காயம் சேர்ப்பது அம்முறை. (கோமடேசுவரரை நிறுவிய சாவுண்டராயர் வேறு, இவர் ஒரு தலைமுறைக்கும் மேல் பிற்பட்டவர்.) உணவு வரலாற்றறிஞர் கே. டி. அச்சயா, இப்பழங்குறிப்புகளில் அரிசியோ, நெடுநேரம் புளிக்கவைத்தலோ, ஆவியில் வேகவைத்தலோ இல்லை என்று சுட்டிக்காட்டினார். ஆகவே இன்றைய இட்டலி அப்படியே அன்றும் இருந்தது என்று மார்தட்டிக்கொள்ள இடமில்லை. துறவு வாழ்க்கையைப் போற்றும் ஒரு நூலாசிரியர், அறவோரை உபசரித்த இல்லத்தாளின் தட்டில் என்னென்ன இருந்தன என்பதைப் பெயர் பெயராக எழுதத்தக்க செய்தியாகக் கருதினார் என்பதே இங்கு வேண்டுவது. அவர் எழுதாவிடில் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்தத் தட்டு இன்று யாருக்கும் தெரிந்திராது.

இங்கே ஒரு வலுவான தடை எழுகிறது. நாவை அடக்குவது சமண ஒழுக்கம். புறத்தவங்களுள் ஒன்று ரச பரித்தியாகம். பால், தயிர், நெய், எண்ணெய், வெல்லம், உப்பு என்னும் ஆறு சுவைப்பொருள்களுள் சிலவற்றையோ எல்லாவற்றையுமோ துறப்பது அது. துறக்கச் சொல்லும் அறத்தார்க்குச் சுவையைப் பெருக்கும் நூல் எதற்கு என்று கேட்பவர் தவறாகக் கேட்கவில்லை. ஆயினும் அடுப்பங்கரையில் நின்று பார்த்தால் விடை வேறாகத் தெரியும். உப்பைத் துறந்தவருக்கு உப்பின்றிச் சமைக்க வேண்டும். நெய்யும் எண்ணெயும் துறந்தவருக்குத் தாளிதமின்றிச் சமைக்க வேண்டும். அது உண்ணத்தக்கதாகவும், உடலைத் தாங்கத்தக்கதாகவும் இருக்க வேண்டும். துறவு கூடக்கூடச் சமைப்பவளின் அறிவும் கூட வேண்டியிருக்கிறது. எல்லாப் பொருளும் இருக்கும்போது சுவை தானாக வரும். பாதிப் பொருள் விலக்கப்பட்டபின் வரவழைக்கும் சுவையே கற்றுக்கொள்ளத்தக்கது.

இனி, ‘சமைத்துப் பார்’ நூலை ஒரு சமண இல்லத்தில் திறந்தால் என்ன நிகழும் என்பதைக் காணலாம். சாம்பார், ரசம், கூட்டு, பொரியல், பச்சடி, துவையல், வடாம், அப்பளம், பட்சணம் என்று விரியும் பக்கங்களில் பெரும்பகுதி எவ்வித மாற்றமுமின்றிப் பயன்படும். மரக்கறிச் சமையல் ஆதலால் முதல் விலக்குக்கு வேலையே இல்லை. வெங்காயம் சேரும் இடங்களில் பெருங்காயமும் மிளகும் கைகொடுக்கும். உருளை, சேனை, கருணை, சேம்பு ஆகிய கிழங்குகளின் பக்கங்களைப் புரட்டிவிட்டுப் போக வேண்டும். அவற்றின் இடத்தில் வாழைக்காய், புடலை, அவரை, கொத்தவரை, பீர்க்கு, பூசணி, பாகல் என்று காய்கள் நிறைந்திருக்கின்றன. நிலத்தடியில் விளைவதாயினும் உலர்ந்த மஞ்சளும் சுக்கும் ஏற்கப்படுவதைப் பெரும்பாலான இல்லங்கள் அறியும். தயிர்வடையின் பக்கம் வரும்போது ஆசாரம் மிகுந்த மூத்தோர் கை சற்றே நிற்கும். இரு பருப்பாய்ப் பிளவுபடும் தானியங்களைக் காய்ச்சாத பால், தயிர், மோரோடு சேர்க்கலாகாது என்னும் ‘த்விதள’ விதி நினைவுக்கு வரும். இவையெல்லாம் எதை நீக்குவது, எதை மாற்றுவது என்னும் கேள்விகள். நூலின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டால் தீர்ந்துவிடும்.

ஓரத்தில் குறித்துத் தீராத ஒன்று உண்டு. அது காலம்.

மீனாட்சி அம்மாளின் நூலில் பொருளுக்கு அளவு உண்டு. சமண அடுக்களையிலோ பொருளுக்கு இருப்பது போலவே காலத்துக்கும் அளவு உண்டு. இல்லறத்தார் ஒழுக்கத்தை வகுத்த ‘ரத்னகரண்டக சிராவகாசார’த்தின் ஆசிரியர் சமந்தபத்திரரைக் காஞ்சியோடு இணைத்துப் பேசுவது மரபு, அதன்வழி எழுந்த தமிழ்நூல் ‘அருங்கலச்செப்பு’. அவற்றின் அடியொற்றிப் பிற்காலத்தே வளர்ந்த திகம்பர ஆசார வழக்கில் உணவுப் பொருள் ஒவ்வொன்றுக்கும் கால எல்லை சொல்லப்படுகிறது. அரைத்த மாவு மழைக்காலத்தில் 3 நாள், வேனிலில் 5 நாள், பனிக்காலத்தில் 7 நாள் மட்டுமே கொள்ளத்தக்கது. இருமடியாக மடித்த கனத்த துணியில் வடிகட்டிய நீர் ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம். கிராம்பு முதலியன சேர்த்து வைத்தால் 6 மணி நேரம். நன்கு கொதித்தது 24 மணி நேரம். ஈரப்பதம் கூடினால் உயிர்கள் விரைந்து பெருகும் என்ற அறிவு இந்த எண்களுக்குள் இருக்கிறது. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் இவை கொல்லாமையையும் காத்தன, குடும்பத்தின் வயிற்றையும் காத்தன.

ஆனால் இவ்வெண்கள் தமிழ்நாட்டு வானத்தின் கீழ் வரும்போது கேள்விகள் பிறக்கின்றன. வடநாட்டில் மழை ஆடி, ஆவணியில். சாதுர்மாசியமும் அதனோடு ஒத்துச் செல்கிறது. தொண்டை மண்டலத்தில் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். அப்போது சாதுர்மாசியம் முடியும் தறுவாயில் இருக்கும் அல்லது முடிந்தே போயிருக்கும். அடைமழை பெய்யும் கார்த்திகையில் மாவுக்கு 3 நாளா, 7 நாளா? நூல் பார்த்தால் ஒரு விடை, வானம் பார்த்தால் வேறு விடை. மேல்சித்தாமூரிலும் பொன்னூரிலும் வாழ்ந்த மூதாட்டியர் இதை ஏதோ ஒரு வகையில் தீர்த்துக்கொண்டுதான் வாழ்ந்திருப்பர். கையால் தொட்டுப் பார்த்தார்களா, மோந்து பார்த்தார்களா, வெயில் கண்ட நாளில் மட்டும் அரைத்தார்களா? தமிழ்ச் சமணருடைய தனியறிவு என்று ஒன்று உண்டென்றால் அது இத்தகைய இடங்களிலேதான் இருக்கும். பெரும்பாலும் அது வாயிலும் கையிலும் மட்டுமே வாழ்ந்தது.

நீரும் அப்படியே. துணியில் தங்கிய சிற்றுயிர்களை எந்தக் கிணற்றிலிருந்து நீர் எடுத்தோமோ அந்தக் கிணற்றிலேயே மெல்ல விட வேண்டும் என்பது வழக்கு. குழாயும் சுத்திகரிப்புக் கருவியும் வந்த வீட்டில் இதை எப்படிக் கொள்வது? இட்டலி மாவை இரவெல்லாம் புளிக்கவைப்பது பற்றியும் இல்லத்துக்கு இல்லம் கருத்து வேறுபடும். சிலர் விலக்குவர், சிலர் காலையில் அரைத்து மாலைக்குள் வேகவைப்பர், சிலர் அதில் தடை காண்பதில்லை. இவற்றுள் எது சரி என்று தீர்ப்பளிப்பது ஒரு சமையல் நூலின் வேலையன்று. எந்த வீட்டில் எப்படிச் செய்தார்கள் என்று எழுதிவைப்பது அதன் வேலை.

இரவு உண்ணாமையும் காலக் கணக்கே. காஞ்சியில் கார்த்திகை மாதத்தில் மாலை 5.45-க்குள் கதிரவன் மறைந்துவிடும், ஆனியில் 6.40 வரை ஒளி இருக்கும். ஏறக்குறைய ஒரு மணி நேர வேறுபாடு. அலுவலகம் முடிந்து வருபவருக்கும், சிறப்பு வகுப்பு முடிந்து வரும் மாணவிக்கும் ஆனியில் வீட்டு உணவு வாய்க்கும், கார்த்திகையில் வாய்க்காது. அப்போது விரதம் காக்க வேண்டுமானால் மதியமே கட்டிக்கொடுத்த உணவு மாலை 5 மணிக்கும் கெடாமல், காய்ந்துபோகாமல், அடுப்பின்றி உண்ணத்தக்கதாக இருக்க வேண்டும். புளிச்சோறு, எள்ளுப்பொடிச் சோறு, நெய்யில் பிசைந்த பருப்புப்பொடிச் சோறு, கெட்டி அவல் ஆகியன இதற்கு ஏற்றவை. இளையோர் இரவு உண்ணாமையைக் கைவிடுகின்றனர் என்று மேடைதோறும் வருந்துவது எளிது. மாலை 5 மணிக்கு அவர்கள் கையில் என்ன இருக்க வேண்டும் என்று பட்டியல் எழுதிக் கொடுப்பது அதைவிடப் பயனுடையது. பல பிள்ளைகளின் நோன்பு நம்பிக்கைக் குறைவால் முறிவதில்லை. கைப்பெட்டி வெறுமையாக இருப்பதால் முறிகிறது.

இத்திருநாளின் வரலாறு இங்கே பொருந்துகிறது. திகம்பர மரபில் ஸ்ரீபுராணம் முதலியவை கூறுவது இது. விருஷப தேவர் துறவு பூண்டு ஆறு திங்கள் உண்ணாநோன்பில் நின்றார். பின்னர் ஆகாரத்தின் பொருட்டு ஊர் ஊராக நடந்தார். மேலும் ஆறு திங்களுக்கு மேல் அவருக்கு உணவு கிடைக்கவில்லை. நாட்டில் பஞ்சமில்லை, மக்களிடம் அன்புக்கும் குறைவில்லை. பொன்னைக் கொண்டுவந்தனர், மணிகளைக் கொண்டுவந்தனர், யானையும் தேரும் கொண்டுவந்து நிறுத்தினர். துறவிக்கு உணவளிக்கும் முறை மட்டும் ஒருவருக்கும் தெரியவில்லை. இறுதியில் அத்தினாபுரத்தில் இளவரசர் சிரேயாம்சர், பெருமானைக் கண்டவுடன் தம் முற்பிறப்பு நினைவு பெற்றார். அப்பிறப்பில் முனிவர்க்கு உணவளித்த முறை அவருக்கு நினைவு வந்தது. கரும்புச்சாற்றை முறைப்படி அளித்தார். ஓராண்டைக் கடந்த நோன்பு அன்று பாரணை கண்டது.

வேகவதிக் கரையில் இருக்கும் திருப்பருத்திக்குன்றத்துத் திரைலோக்கியநாதர் கோயிலுக்குச் செல்வோர், விசயநகர அமைச்சர் இருகப்பர் தம் குரு புஷ்பசேனர் சொற்படி 1387–88-இல் கட்டிய சங்கீத மண்டபத்தில் அண்ணாந்து பார்ப்பர். விருஷபர், நேமிநாதர், வர்த்தமானர் ஆகியோர் வரலாறுகள் அங்கே விதானத்தில் ஓவியமாக விரிகின்றன. அவை நிறம் மங்கி உதிர்வதைக் கண்டு வருந்தாதவர் இல்லை. டி. என். இராமச்சந்திரன் 1934-இல் சென்னை அருங்காட்சியக வெளியீடாக இக்கோயில்களைப் பற்றி நூல் எழுதி, அந்த ஓவியங்களையும் விரிவாக விளக்கினார். சுவரில் மங்கிய செய்திகள் பல அந்நூலில் நின்றுவிட்டன. சுவரோவியத்துக்கு அப்படி ஒருவர் வாய்த்தார். அடுக்களைக்கு அப்படி எத்தனை பேர் வாய்த்தனர்?

ஆகாரதானத்தின் முறைமை இன்றும் நுட்பமானதுதான். முனிவர் நாளுக்கு ஒருமுறை, நின்றபடி, கைகளையே கலமாகக் கொண்டு உண்பார். அவருக்கென்றே தனியே சமைத்தது ஆகாது. இல்லத்தார் தமக்கெனத் தூய்மையாகச் சமைத்ததில் பங்களிக்க வேண்டும். இடையில் ஒரு மயிரோ சிற்றுயிரோ தென்பட்டால் அந்தராயம். அன்றைய உணவு அத்தோடு முடியும். கவளம் கையில் உதிராமலும் வழியாமலும் இருக்க வேண்டும் என்றால் சோற்றின் பதம், பருப்பின் கெட்டி, நீரின் சூடு எல்லாம் கணக்கோடு அமைய வேண்டும். முனிவர் சங்கம் ஊருக்கு வருகிறது என்ற செய்தி வந்தவுடன், தெரிந்த மூதாட்டி ஒருவரைத் தேடி இளம் மருமகள்கள் ஓடுவது பல ஊர்களில் காணும் காட்சி. அந்த மூதாட்டி இல்லாத ஊரில் அன்பும் பொருளும் நிறைந்திருக்கும். அத்தினாபுரத்துக்கு முன் விருஷபர் கடந்துவந்த ஊர்களிலும் அவை நிறைந்தே இருந்தன.

கைபேசியைத் திறந்தால் ஆயிரம் சமையல் காணொளிகள் உண்டே என்று கூறலாம். ‘ஜைன உணவு’ என்று தேடினால் குசராத்தியரும் மார்வாடியரும் செய்யும் நல்ல உணவுகள் நிறையக் கிடைக்கும். அவற்றைச் செய்து உண்பதில் குறையில்லை. ஆயினும் தோக்ளாவையும் காக்ராவையும் கற்றுக்கொண்ட பேத்தி, தன் வீட்டு நோன்பு முடிவில் பாட்டி எந்தக் கஞ்சியால் பாரணை செய்வித்தாள் என்பதை அறியாமற்போனால், அவளுக்குக் கிடைத்தது ஒன்று, போனது வேறொன்று. எழுதினால் வழக்கு உறைந்துபோகும், கைமணம் எழுத்தில் வராது என்பது மற்றொரு தடை. கைமணம் வராது என்பது மெய். மீனாட்சி அம்மாளின் கைமணமும் நூலில் வரவில்லை. நூலைக் கொண்டு சமைத்தவர்களுக்கு அவரவர் கைமணம் வந்தது.

எனவே அறக்கட்டளையின் இளையோர் முன்வைத்திருக்கும் ‘இல்லந்தோறும் ஏடு’ என்னும் எண்ணம் வரவேற்கத்தக்கது. அச்சு நூல் பிறகு வரட்டும். முதலில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். மூத்தவர் சமைக்கும்போது இளையவர் அருகில் அமர்ந்து எழுத வேண்டும். சொல்லக் கேட்டு எழுதினால் பாதி விடுபடும். ஏனெனில் மூத்தவரின் கை செய்வதில் பாதியை அவர் வாய் அறியாது. புளியை எடுக்கும் முன் அவர் கையிலிருந்து வாங்கி நிறுத்துக் குறிக்கலாம். பக்குவத்தோடு மாதத்தையும், மழையா வெயிலா என்பதையும், எந்த நோன்புக்கு என்பதையும், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது என்பதையும் எழுத வேண்டும். அதை யாரிடம் கற்றார், அவர் எந்த ஊரிலிருந்து மருமகளாக வந்தார் என்பதும் வேண்டும். சமையல் பெரும்பாலும் மருமகள்கள் வழியே ஊர் விட்டு ஊர் சென்றது; ஊரின் பெயர் இல்லாவிட்டால் அந்தத் தடம் தெரியாது. செய்து கெட்டுப்போனதையும் எழுதலாம். எந்த மழையில் எந்த மாவு எத்தனையாம் நாள் வண்டு வைத்தது என்பது, மேலே சொன்ன 3, 5, 7 நாள் கணக்குக்குத் தமிழ்நாட்டு உரை.

பரணில் இருக்கும் பழைய ஆழாக்கையும் இறக்க வேண்டும். துடைத்து, விளிம்பு வரை தண்ணீர் நிரப்பி, அத்தண்ணீரை மட்டும் தராசில் நிறுத்தால் அது கொள்வது எத்தனை மில்லி லிட்டர் என்று தெரிந்துவிடும். அந்த எண்ணை நோட்டின் முதற்பக்கத்தில் எழுதி, அது எந்த ஊர் ஆழாக்கு என்பதையும் பக்கத்தில் குறித்துவிட்டால், பாட்டி சொல்லும் எந்தப் பக்குவத்தையும் அன்றே எழுதத் தொடங்கலாம்.